அடிப்படம்

கோப்பு அழிந்தது தெரியவந்த அன்று மாரிசெல்வி பொய் எதுவும் சொல்லவில்லை. முதலாளி கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னாள். பிற்பாடு யோசிக்கும்போதெல்லாம், பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பொய் என்றால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

சிவகாசியில் ராஜபாண்டியனின் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பகுதி முழுக்க அவள் பொறுப்பில் இருந்தது. தாயில்பட்டிக்காரி. அப்பா, அம்மா இருவருக்கும் பட்டாசு ஆலையில் வேலை. விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு, இரண்டாயிரத்து நான்கில் இங்கே சேர்ந்தாள்.

அவள் சேர்ந்தபோது அச்சகத்தின் பெரிய தலைவலி இடப் பற்றாக்குறை. பட்டாசு லேபிள் ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை. ஆர்டர் கொடுத்தவர் பூவை நகர்த்தச் சொல்வார், எழுத்தை இந்தியில் போடச் சொல்வார், எல்லாம் செய்து காட்டிய பிறகு போன வருசத்து டிசைனே தேவலை என்பார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுப் படத்தையும் மறுபடி சேமித்துச் சேமித்து ஹார்ட் டிஸ்க் திணறிக்கொண்டிருந்தது.

மாரிசெல்வி அதற்கு ஓர் ஏற்பாடு செய்தாள். முதல் படம் மட்டும் முழுதாக இருக்கும். அடுத்த திருத்தத்தில் எந்த இடம் மாறியதோ, அந்த மாற்றம் மட்டும் சின்னக் கோப்பாகப் பதிவாகும். அதற்கடுத்ததும் அப்படியே. பழைய டிசைன் எது வேண்டுமென்றாலும், முதல் படத்தின் மேல் மாற்றங்களை வரிசையாக ஏற்றிக்கொண்டு போனால் அந்த டிசைன் அச்சு அசலாக வந்துவிடும். அந்த முதல் படத்தை அவர்கள் அடிப்படம் என்றார்கள். நிரம்பிக் கிடந்த டிஸ்க்கில் முக்கால்வாசி காலியானது. ராஜபாண்டியன் வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம பிள்ளை செஞ்சது" என்று அவளைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

டிசைன் போடுகிறவர் முனியராஜ். மாரிசெல்விக்கு போட்டோஷாப்பைப் பழக்கிவிட்டவர் அவர்தான். நாக்பூர் வியாபாரி ஒருவருக்காக அவர் செய்த மத்தாப்புக் குழந்தை லேபிள்தான் அச்சகத்துக்குச் சோறு போட்டது. குழந்தையின் முகம் அவருடைய மகள் ஓவியாவுடையது. மூன்று வயதில் எடுத்த போட்டோவை வைத்துச் செய்திருந்தார். வருசா வருசம் உடுப்பும் பின்னணியும் மாறும், முகம் மாறாது.

இரண்டாயிரத்து ஆறாம் வருசச் சீசனில் டிஸ்க் மறுபடி நிரம்பியது. அச்சுக்குப் போகவேண்டிய வேலைகள் வரிசையில் நின்றன. மத்தியானம் முனியராஜ் சாப்பிடப் போயிருந்தார். மாரிசெல்வியின் கம்ப்யூட்டரில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்ததால், அவருடையதில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவான சர்வரில் பெரிய கோப்பாக எதை நீக்கலாம் என்று தேடினாள். எப்போதோ மூடப்பட்ட ஒரு கம்பெனியின் பெயரில் பெரிய படம் ஒன்று கிடந்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை. அழித்தாள். வரிசை நகரத் தொடங்கியது. முனியராஜ் திரும்பி வந்தபோது, "இடம் கெடைச்சிருச்சுண்ணே" என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நாக்பூரிலிருந்து போன் வந்தது. போன வருசத்து டிசைனே வேண்டுமாம். மாரிசெல்வி அந்த டிசைனை எடுக்கப் போனாள், வரவில்லை. அதற்கு முந்தையதும் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மத்தாப்புக் குழந்தை முதலில் அந்த மூடிய கம்பெனிக்காகச் செய்யப்பட்டது. அச்சாகாமல் நின்ற அந்தப் படத்தை எடுத்துத்தான் நாக்பூருக்குத் திருத்தினார்கள். அவள் அழித்தது அடிப்படம். மாற்றங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஏற்றுவதற்குப் படம்தான் இல்லை. மாதாமாதம் அவள் எழுதி வைத்த சிடிகளிலும் மாற்றங்கள் மட்டுமே இருந்தன. அடிப்படம்தான் சர்வரில் இருக்கிறதே என்று அவள்தான் அப்படி வைத்திருந்தாள்.

ராஜபாண்டியன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எந்த மெஷின்ல இருந்து அழிஞ்சிருக்கு?"

"அண்ணன் மெஷின்ல இருந்து" என்றாள் மாரிசெல்வி.

அது உண்மை. அதற்கு அடுத்த வாக்கியமும் அவள் வாயில் இருந்தது. அதற்குள் ராஜபாண்டியன் முனியராஜ் பக்கம் திரும்பிவிட்டார். குலசாமி கும்பிடுக்கு லீவு தரவில்லை என்று அதற்கு முந்தைய வாரம்தான் இருவருக்கும் பெரிய சண்டை நடந்திருந்தது.

"லீவு தரலேன்னு இப்படிப் பண்ணுவியாலே?"

"அண்ணாச்சி, நான் எதையும் தொடலை."

"அப்போ மெஷின் தானா அழிச்சிக்கிட்டதா?"

முனியராஜ் மாரிசெல்வியைப் பார்த்தார். சந்தேகப்பட்டு அல்ல, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை, நமக்காக ஏதாவது சொல்லும் என்று பார்த்தார். அவள் மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. ராஜபாண்டியன் அதற்குள் அச்சகக்காரர் சங்கத்தில் எல்லோரிடமும் பேசிவிட்டார். கோப்பை அழிக்கிறவன் என்று பேர் எடுத்தவரைச் சேர்க்க ஊரில் யாரும் தயாராக இல்லை. முனியராஜ் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலைக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போவதாக பஸ்ஸில் ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை அவளால் சாப்பிட முடியவில்லை.

அச்சான பழைய லேபிள் ஒன்றை ஸ்கேன் செய்து, அடிப்படம் போலவே திருத்தி, அதன் மேல் மாற்றங்களை ஏற்றிப் பார்த்தாள். கண்ணுக்கு அதே படம்தான். ஆனால் மெஷினுக்குப் புள்ளிக்குப் புள்ளி அதே படம் வேண்டும். திரையில் வந்தது வெறும் கலர்க் கோடுகள்.

"முனியராஜண்ணன் மக படம்னு அடிப்படத்தை முன்னாடி ஒரு சிடியில காப்பி போட்டு எடுத்துட்டுப் போனது இப்பத்தான் நெனப்பு வந்துச்சு" என்று ராஜபாண்டியனிடம் சொன்னாள். "அது இருந்தா எல்லாத்தையும் மீட்டிரலாம்."

அவர் நிமிராமலே சொன்னார்: "நீயே போய்க் கேளு. எம் பேரைச் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை முனியராஜ் வீட்டில் இருந்தார். விரல் இடுக்கில் எல்லாம் பசை காய்ந்திருந்தது. அவருடைய மனைவி இருளம்மாள் பாயை விரித்து, பக்கத்துக் கடையில் கலர் வாங்கி வந்து கொடுத்தாள்.

"அங்கன வேலை பார்த்தவுகள்ல நீ ஒருத்திதான் எட்டிப் பார்த்திருக்க தங்கச்சி" என்றார் முனியராஜ். "மத்தவுக எல்லாம் எதிர்ல வந்தாலும் திரும்பிக்கிறாக."

அவள் கலரைக் குடிக்காமல் பாயோரம் வைத்தாள். வந்த விசயத்தைச் சொன்னாள். முனியராஜ் எழுந்து போய்ப் பெட்டியைக் குடைந்து சிடியை எடுத்து வந்தார்.

"இந்தா. எம் மேல பழி வந்தாலும் வேலை என்னோடதுல்ல. அது அழிஞ்சு கெடக்கக் கூடாது."

"அண்ணே" என்றாள்.

"சொல்லு."

"பத்திரமாத் திருப்பிக் குடுத்திருதேன்."

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, சிடி கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் அடிப்படத்தை அதன் இடத்தில் வைத்தாள். திருத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. பச்சைப் பாவாடை, சிவப்புப் பாவாடை, பின்னால் கோபுரம், கோபுரம் போய் நிலா. எல்லாம் வந்தது. எல்லாவற்றிலும் ஓவியா சிரித்துக்கொண்டிருந்தாள். ராஜபாண்டியன் ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுக்கச் சொன்னார். மாரிசெல்வி தன் பங்கை மேசையில் வைத்துவிட்டு அவர் அறைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அழிச்சது நான்தான். அந்த அண்ணன் சாப்பிடப் போயிருந்தாக. நான் அவுக மெஷின்ல உக்காந்திருந்தேன்."

ராஜபாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. நான் சங்கத்துல வச்சு அத்தனை பேர்ட்டயும் சொல்லியாச்சு. இப்போ போய் இல்லேன்னா எம் மொகத்தை எங்கன கொண்டு வைக்க? அவனுக்குத்தான் ஒரு வேலை கெடைச்சிருச்சுல்ல. நீ உன் வேலையப் பாரு தாயி."

தாயி என்று அவர் அவளை அதுவரை கூப்பிட்டதில்லை.

மாரிசெல்வி அந்த வார ஞாயிற்றுக்கிழமை மறுபடி முனியராஜ் வீட்டுக்குப் போனாள். சிடியைக் கொடுத்தாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. நின்றபடியே நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்பிலிருந்து எதையோ இறக்கிக்கொண்டிருந்த இருளம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

முனியராஜ் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் வந்தப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா சிடி தர மாட்டீகளோன்னு."

"தந்திருப்பேன்" என்றார்.

எழுந்து சிடியைப் பெட்டியில் வைக்கப் போய்விட்டார். இருளம்மாள்தான் வாசல் வரை வந்தாள். "அவுக ராத்திரி எல்லாம் ஒக்காந்து, நாம்பளே தெரியாம அழிச்சிட்டமோன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தாக. தன் மேலயே சந்தேகப்பட வச்சிட்டியேம்மா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மாரிசெல்வி வேலைக்குப் போகவில்லை. நாரணாபுரம் ரோட்டில் இருந்த அச்சகங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் அதையே சொன்னாள்: கோப்பை அழித்தது நான், முனியராஜ் அண்ணன் இல்லை. சிலர் உள்ளேயே விடவில்லை. ஒருவர், ராஜபாண்டியனோடு உனக்கு என்ன தகராறு என்று கேட்டார். லட்சுமிகாந்தம் என்ற வயதான அச்சக முதலாளி மட்டும் முழுவதையும் கேட்டார்.

"இதைச் சொல்லிட்டு ஒனக்கு இந்த ஊர்ல யாரும்மா வேலை குடுப்பாக?"

"தெரியும் அண்ணாச்சி."

அவர் முனியராஜின் வீட்டு விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார்.

செய்தி மத்தியானத்துக்குள் ராஜபாண்டியனிடம் போய்ச் சேர்ந்தது. அவள் அச்சகத்துக்குப் போனபோது அவளுடைய டிபன் டப்பாவும் குடையும் வாட்ச்மேன் அறையில் எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

இப்போது அவள் விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறாள். முனியராஜ் லட்சுமிகாந்தத்தின் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறார். தீபாவளி முடிந்த பின் ஒரு நாள், சிவகாசி போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட் காலி. அவரும் பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை. "சௌக்கியமா?" என்று கேட்டார். "இருக்கேண்ணே" என்றாள். பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். திருத்தங்கல் வரை அந்த சீட் காலியாகவே வந்தது. அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.