வரிசையில் ஏழாவது வண்டி

ஐம்பத்தொரு வருடமாகக் காரில் என் கணவர் ஓட்வாரின் வலது பக்கத்து இருக்கைதான் என் இடம். கார் ஓட்ட நான் கற்றுக்கொள்ளவே இல்லை. ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு டிரைவர் என்று கல்யாணமான புதிதிலேயே பேச்சை முடித்துவிட்டார். முப்பத்தெட்டு வருடம் மீன் லாரி ஓட்டிய மனிதரிடம் யார் வாதாடுவது? எனக்கும் சோம்பல்தான், பொய் சொல்வானேன்.

எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் பதினான்கு கிலோமீட்டர். பஸ் கிடையாது. ஓட்வார் ஓட்டுவதை நிறுத்தினால் வீட்டை விற்றுவிட்டு வாட்சோ முதியோர் குடியிருப்பில் ஓர் அறைக்குப் போகவேண்டியதுதான். கண் டாக்டரிடம் வரச்சொல்லி வந்த கடிதம் ஜனவரியிலிருந்து சமையலறை இழுப்பறையில் கிடந்தது. நாங்கள் இருவருமே அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஈஸ்டர் வாரத்தில் திடீரென்று கிளம்பலாம் என்றார். மீன் ஏற்றிய ஊர்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு, கடைசியில் போட்ஸ்ஃபியூரில் தன் தங்கை தோர்டிஸ் வீட்டில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். வார்டோ வரைக்கும் குஷியாகத்தான் போனோம். ஒவ்வொன்றையும் அது வருவதற்கு முன்பே சொன்னார். இப்போது சர்ச், இப்போது படகுத்துறை, இப்போது வளைவு. பீற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் வார்டோவிலிருந்து திரும்பும் வழியில், கீபெர்க் தாண்டியதும், "இந்த வருஷம் மீன் நெறைய தொங்குது, பாத்தியா" என்றார். மீன் காயப்போடும் மரச்சட்டங்கள் அங்கேதான் வரிசையாக நிற்கும். நின்றன என்று சொல்லவேண்டும். குளிர்காலப் புயல் ஒன்றுவிடாமல் அடித்துக்கொண்டு போயிருந்தது. வெறும் கரைதான் இருந்தது.

மனிதர் சாலையைப் பார்த்து ஓட்டவில்லை, ஞாபகத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா, நெறைய" என்றேன்.

அதோடு நானும் மாட்டிக்கொண்டேன். வாட்சோவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நெஸ்ஸெபியில் காபிக்கு நிறுத்தியபோது கட்டாயம் சொல்வது என்றிருந்தேன். அவர் வாஃபிளில் ஜாம் தடவிக்கொண்டே போட்ஸ்ஃபியூர் மலைப்பாதையின் திருப்பங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை.

மலையேறும் இடத்தில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. மேலே பனிப்புயல். பனி தள்ளும் லாரி முன்னே போக, கார்கள் வரிசையாகப் பின்னால் போகவேண்டும். நாங்கள் ஏழாவது, கார்களில் கடைசி. எங்களுக்குப் பின்னால் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் காவல் வண்டி. அதை ஓட்டும் மஞ்சள் ஜாக்கெட் பெண் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி, டீசல் இருக்கிறதா, கம்பளி இருக்கிறதா என்று விசாரித்து வந்தாள். வரிசையில் சேர்ந்தபின் நிறுத்தக்கூடாது, திரும்பக்கூடாது, என்ன ஆனாலும் இறங்கக்கூடாது. முன் காரின் பின்கண்ணாடியில் இரண்டு குழந்தைகள் மூக்கை அழுத்தி எங்களுக்கு வக்கணை காட்டின.

ஓட்டுவதில் சிரமம் எதுவும் இல்லையே என்று கேட்டவள் என்னையும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். எனக்கோ எங்கள் சமையலறை ஜன்னல் ஞாபகம் வந்தது. அதிலிருந்து பார்த்தால் கடல்தான். இளித்துவைத்தேன். அதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கட்டை எழுந்தது. ஐந்து நிமிடத்தில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. குழந்தைகள் இருந்த காரின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. கதவைத் திறக்கமுடியாது. திறந்தாலும் போக இடமில்லை.

"எப்பக் கண்டுபிடிச்ச?" என்றார் ஓட்வார்.

"மீன் சட்டத்துக்கிட்ட. அங்க ஒன்னுமே இல்ல."

வைப்பரை வேகப்படுத்தினார். "நேரா பாத்தா நடுவுல ஒன்னும் தெரியல. ஓரத்துலதான் தெரியுது. இந்தப் புயல்ல எல்லாருமே என்ன மாதிரிதான்."

"பெருமை வேறயா? முன்னாடி புள்ளைங்க இருக்கு. நிறுத்துங்க."

"நிறுத்தினா பின்னாடி வர்றவ நம்ம மேல ஏறிடுவா."

அது உண்மை. அதனால் நான் சொல்ல ஆரம்பித்தேன். நெருங்குறீங்க, மெதுவா. வலது பக்கம் ரோட்டோரக் கம்பு. இப்ப இடது. நாற்பது நிமிடம் வாய் ஓயவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் சொன்னதையெல்லாம் எதிர்ப்பேச்சில்லாமல் கேட்டார்.

இறக்கத்தில் புயல் விட்டது. வெயில் வந்து பனியில் கண் கூசியது. கீழே போட்ஸ்ஃபியூர் துறைமுகமும் படகுகளும் பளிச்சென்று தெரிந்தன. மறுபக்கத்துத் தடுப்பு திறந்திருந்தது. கார்கள் ஒவ்வொன்றாக வேகமெடுத்துப் போயின. குழந்தைகள் கையாட்டிவிட்டுப் போய்விட்டன.

ஓட்வார் பிரேக்கை மிதித்தபடி ஸ்டீயரிங் மேல் சாய்ந்து முன்னால் தேடிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி வண்டி வெளக்கக் காணோமே. இன்னும் புயல் அடிக்குதா?"

பொய் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

"இல்ல ஓட்வார். வெயில் அடிக்குது. துறைமுகம் வரைக்கும் தெரியுது."

என்ஜினை அணைத்தார். சாவியை உருவி, தடவிப் பார்த்து என் கையைக் கண்டுபிடித்து, அதில் வைத்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தோர்டிஸ் வீட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்.

மஞ்சள் ஜாக்கெட் பெண் வந்து கண்ணாடியைத் தட்டி, வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டாள். நான் கண்ணாடியை இறக்கிச் சாவியை வெளியே நீட்டினேன்.

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. ஓட்டத்தான் இதுல ஆள் இல்ல."

ஓட்வார் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.