அடைக்கலநாதன் உழக்கிய பாட்டு

"அந்தக் கசற்றையும் பெட்டிக்குள்ளை வை" என்று லூர்த்தம்மா சொன்னபோது, றோஸ் சவப்பெட்டியில் கிடந்த தகப்பனின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அது அப்பா உழக்கின பாட்டம்மா."

"மனுசனைத் திண்டதும் அதுதான்."

அந்தப் பாட்டைச் செய்த அவளுடைய அண்ணன் அருட்பிரகாசம் மூலையில் நின்றான்.

குருநகரில் மின்சாரம் செத்து, அதற்குத் திவசமும் பல ஆகியிருந்தன. றொக் பாட்டோ மின்சாரம் இல்லாமல் பிறக்காது. அருட்பிரகாசம் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து றெக்கோடருக்கு வயர் இழுத்து, தகப்பனை ஏற்றிப் பெடலை உழக்க வைத்தான். கிற்றார், தகரம், வள்ளத்து எஞ்சின் எல்லாம் பாடின. நெஞ்சு நோவுக்காரர் கடைசியில் களைத்துப்போனார். அவர் களைத்ததில் றெக்கோடர் மெல்ல ஓடியது. சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் அந்த இடத்தில் பாட்டு, வால் மிதிபட்ட பூனைபோலக் கீச்சிட்டு ஓடியது. அதுதான் புதுமை என்று அவன் அப்படியே விட்டுவிட்டான்.

கோயில் பெருநாளுக்கு ஜெனறேற்றர் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். கீச்சிட்டதும் குண்டு போட வந்த பொம்பர் என்று பங்குச்சனம் முழுக்கப் பதுங்கு பங்கருக்குள். கொதிக்கிற கறிச்சட்டியோடு இறங்கியவர்களும் உண்டு. மீனும் ஒரு கிழமை கரைக்கு வரவில்லை என்று வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டி சத்தியம் செய்தார். ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று கடைசிவரை கேட்டவர் உழக்கிய அடைக்கலநாதன் ஒருவர்தான். அவருக்குக் காது மந்தம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"ஒருக்காப் போட்டிட்டு வைப்பம்" என்றாள் றோஸ்.

லூர்த்தம்மா வழி விட்டு விலகினாள். சைக்கிள் உள்ளே வந்தது. சுவாமியார் வாசலில் காத்து நின்றார். மூடியை அறைய வந்தவர் வாயில் ஆணிகளுடன் நின்றார். றோஸ் ஏறி உழக்கினாள். தகரம் இடித்தது. எஞ்சின் இருமியது. கீச்சிடத் தொடங்கியதும் லூர்த்தம்மா எழுந்து வந்து மகளின் முழங்காலில் கைவைத்து அழுத்தினாள்.

"இதிலை மெல்ல உழக்கு, பிள்ளை. கொப்பர் களைச்ச இடம்."

றோஸ் மெல்ல உழக்கினாள். கீச்சல் இறங்கிக் கிற்றார் ஆனது. பின்னால் மூச்சு வாங்கியது. பிறகு அந்தக் கசற்றில் ஒருவரும் அதுவரை கேட்டிராத அவருடைய சொந்தக் குரல், இருமலுக்கு நடுவில், மகனிடம்:

"காணுமோ, தம்பி? இன்னும் உழக்கவோ?"

கசற்றில் அதற்குப் பதில் இருக்கவில்லை. அருட்பிரகாசம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாட்டு முடிந்து வெறும் இரைச்சல் ஓடியது. றோஸ் அதே மெதுவில் உழக்கிக்கொண்டிருந்தாள். ஆணிக்காரர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.