என் ரத்தம் குப்பைக்கு

என் உடம்பில் ரத்தம் அதிகம். பெருமைக்காகச் சொல்லவில்லை, இது வியாதி. எங்கள் ஓருரோ நகரம் இருக்கிற உயரத்தில் காற்று குறைச்சல். காற்று குறைந்தால் எலும்பு மஜ்ஜை பதறிப்போய்ச் சிவப்பணுக்களுக்கு ஆள் எடுக்கத் தொடங்கும். ஊரில் மற்றவர்களின் மஜ்ஜைக்கு ஒரு கட்டத்தில் நிறுத்தத் தெரியும். என்னுடையதற்குத் தெரியவில்லை. தேர்தலுக்கு முந்தின மாதத்து நகராட்சி மாதிரி கண்ட கண்ட ஆளையெல்லாம் வேலைக்குச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது.

அதனால் என் உதடு நாவல்பழ நிறம். கண் எந்நேரமும் குடித்தவன் கண். குடித்தும் இருப்பேன், அது வேறு விஷயம். இப்படிக் கெட்டியாக ஓடுகிற ரத்தம் எங்காவது ஓரிடத்தில் உறைந்து, ஒரு கட்டி கிளம்பி, நேராக மூளைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டர் பத்து வருடமாகப் பயமுறுத்துகிறார். தாழ்வான ஊர் பார்த்துக் குடிபோகச் சொல்கிறார். நான் பித்தளை பேண்டில் டூபா என்கிற பெரிய ஊதுகுழல் வாசிக்கிறவன். அறுபது பேர் கொண்ட பேண்டை விட்டுவிட்டுக் கீழே போய்க் கொசுவுக்கா வாசிப்பது? ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போய் அரை லிட்டர் இறக்கிவிட்டு வருகிறேன். இறக்கியதை யாருக்கும் ஏற்ற மாட்டார்கள். சிவப்புப் பையில் கட்டி எரிக்க எடுத்துப்போவார்கள். ஃபவுஸ்தினோ மமானி என்கிற கலைஞனின் ரத்தம் பஞ்சோடும் ஊசியோடும் சேர்ந்து புகையாகப் போகும்.

என் மனைவி ஹிலாரியாவின் கதை நேர் எதிர். கருப்பையில் கட்டி. இரண்டு வருடமாக உதிரம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவள். ஐந்து பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுகிற பெண்ணுக்கு எதையும் மறைப்பது சுலபம். ஜனவரியில் ஒருநாள் சரக்கின் மேலேயே மயங்கி விழுந்தாள். சோதித்தபோது ஹீமோகுளோபின் ஏழு. எனக்கு இருபத்து மூன்று. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அருமையான ஆரோக்கியம். கல்யாணம் செய்துவைத்த சாமியார் அதற்கு வழி சொல்லித்தரவில்லை.

கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஒரு முறை உண்டு. நோயாளிக்கு ஏற்றப்போகிற ரத்தத்துக்கு ஈடாக அவள் வீட்டார் ஆள் கூட்டிவந்து கொடுக்க வேண்டும். ஹிலாரியாவுக்கு மூன்று பேர், கொடுத்ததற்கு ஆளுக்கு ஒரு சீட்டு. வியாழன் நண்பகல் பன்னிரண்டுக்குள் மூன்று சீட்டும் கையில் இல்லையென்றால், அறுவை மேஜை அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிறகு கார்னிவல் திருவிழா முடிந்து டாக்டர்கள் விடுப்பிலிருந்து திரும்பினால்தான். இந்த வேகத்தில் உதிரம் போனால் அவளால் அத்தனை வாரம் தாங்க முடியாது என்பதையும் டாக்டர் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் இதைப் பேனாவைத் தேடிக்கொண்டே சொன்னார்.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனேன். அங்கே இருக்கிற செனோபியா அம்மாளுக்கு என் இரண்டு கைகளின் நரம்பும் மனப்பாடம். என்னுடையதை எடுத்து என் மனைவிக்கே கொடுங்கள், வீட்டுக்குள் நடக்கிற சமாச்சாரம், ஆஸ்பத்திரிக்கு என்ன நஷ்டம் என்றேன். அந்தம்மாள் சிரிக்கக்கூட இல்லை. நோயாளியிடம் எடுக்கும் ரத்தத்தை ஏற்ற முடியாது என்று ஆறாவது தடவையாகச் சொல்லிவிட்டு, விதிமுறைத் தாள் ஒன்றைக் கையில் திணித்தாள். ஐம்பது கிலோவுக்குக் குறையக்கூடாது, அறுபத்தைந்து வயதைத் தாண்டக்கூடாது, முந்தின நாள் முழுக்க மது கூடாது. ரத்த வகையைப் பற்றி மட்டும் கவலையில்லை. எங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் ஓ பாசிட்டிவ். இந்த ஊர் ஒருமனதாக இருக்கிற ஒரே விஷயம் அதுதான்.

எனக்கு ஆள் பஞ்சம் இல்லை என்றுதான் நினைத்தேன். பேண்டில் என்னைச் சுற்றி நிற்கிறவர்கள் இருபது வருடத்துப் பழக்கம். ஒவ்வொரு திருவிழா முடிவிலும் என் தோளில் சாய்ந்து, உனக்காக ரத்தத்தையே கொடுப்பேன் என்று கண்ணீர் விட்டவர்கள். புதன்கிழமை மதியம் ஒத்திகை முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது பேர் கை தூக்கினார்கள். பெரிய மேளம் அடிக்கிற காசியானோ இரண்டு கையையும் தூக்கினான்.

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு உதவி கேட்பது உதவி கேட்பதே ஆகாது. பெண் கேட்கப் போனாலும், மன்னிப்புக் கேட்கப் போனாலும், அடுத்த வீட்டு ஏணியை இரவல் கேட்கப் போனாலும் பாட்டில் முன்னால் போகும், ஆள் பின்னால் போவான். முதல் சொட்டு பூமித்தாய்க்கு, அடுத்தது கேட்கப்பட்டவனுக்கு. குடித்தால்தான் வாக்கு. குடிக்காத வாக்கை யாரும் வாக்காக மதிப்பதில்லை. விதிமுறைத் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆளுக்கு ஒரே ஒரு கோப்பை, வாக்கை உறுதிசெய்ய மட்டும், என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் பீர்ப் பெட்டியைத் திறந்தேன். பூமித்தாய்க்கும் கொஞ்சமாகத்தான் ஊற்றினேன். ஹிலாரியாவின் உடம்புக்காக என்று ஒருவன் கோப்பையைத் தூக்கினான். அவள் உடம்புக்காக என்று தூக்கியதை வேண்டாம் என்று சொல்வது எப்படி? பிறகு கருப்பைக்காக. பிறகு டாக்டரின் கை நடுங்காமல் இருப்பதற்காக. இருட்டுவதற்குள் எங்களுக்கே கை நடுங்கியது.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஒன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். ஒருவன்கூடத் தப்பவில்லை, அதை நான் சாகும்வரை சொல்வேன். வாடை தெரியாமல் இருக்க கோகா இலையும் புதினா மிட்டாயும் சேர்த்து மென்றுகொண்டிருந்தார்கள். செனோபியா அம்மாள் கதவைத் திறந்தாள், மூச்சை இழுத்தாள், போய் ஜன்னலையும் திறந்தாள்.

"பையில ரத்தம் எறங்குமா பீர் எறங்குமான்னு எனக்கே தெரியல டூபா," என்றாள். "எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு வரச் சொல்லு."

நாளைக்கு வந்து என்ன செய்வது? நான் கெஞ்சினேன். காசியானோ, தான் குடித்தது பீர்தானே, அதில் பாதி நுரை என்று வாதாடினான். அந்தம்மாள் தாளில் ஒன்பது பெயரையும் வரிசையாக அடித்துவிட்டு, பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன், குடிக்காத மூன்று பேரைக் கொண்டுவா என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று யோசித்தேன். என் சொந்தத்தில், என் சிநேகத்தில், என் தெருவில் நேற்றுக் குடிக்காதவன் யார்? ஐம்பத்தாறு வயதில் அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

ஹிலாரியாவின் அண்ணன் எலிசெயோ. சுவிசேஷ சபையில் சேர்ந்து பதினைந்து வருடமாக ஒரு சொட்டு தொடாதவன். ஆறு வருடத்துக்கு முன் என் மகள் கல்யாணத்தில் நான் நீட்டிய கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல் மேஜையில் வைத்துவிட்டான். இருநூறு பேர் பார்த்தார்கள். நான் அந்தக் கோப்பையை எடுத்து அவன் வெள்ளைச் சட்டையில் ஊற்றினேன். குடிக்காத வாய்க்கு என் வீட்டில் சோறும் இல்லை என்று கத்தினேன். அன்றைக்கு எழுந்து போனவன்தான். ஹிலாரியா அவனைச் சந்தையில் மட்டும் பார்த்துப் பேசுவாள். என்னிடம் அதைப் பற்றிச் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

அவன் கடை ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே. சவப்பெட்டி செய்கிறவன் வேறு எங்கே கடை போடுவான்?

தெருவைக் கடக்க இருபது அடி. எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மூலைக் கடையில் ஒரு பாட்டில் வாங்கலாம் என்று இரண்டு தடவை போய்த் திரும்பினேன். அவனிடம் அதைக் கொண்டுபோனால் காறித் துப்புவான். எதுவும் இல்லாமல் போனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. நான் வாழ்க்கையில் யாரிடமும் வெறும் வாயால் எதையும் கேட்டதில்லை.

எலிசெயோ ஒரு மூடிக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து படியில் என்னைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. இழைப்புளி கீழே விழுந்தது.

"எப்ப?" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"எப்ப போனா என் தங்கச்சி?"

அவன் கடைப் படியை நான் ஏறுவதற்கு அவனுக்குத் தெரிந்து ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. பெட்டிக்குச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். என்னைப் பார்த்தால் அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஆறு வருடத்தில் என்னைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். இதைப்போல எதுவும் என்னை அடித்ததில்லை.

"சாகல மச்சான்," என்றேன். "உயிரோடதான் இருக்கா. ஆனா ரத்தம் வேணும். மூணு பேர். பன்னண்டு மணிக்குள்ள. எனக்கு யாருமில்ல."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் இதற்கா இத்தனை பயம் என்று இருந்தது. எலிசெயோ பாதி செய்த பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதான். பெரிய உடம்பு, பெட்டி கிரீச்சிட்டது. மேலங்கியால் முகத்தைத் துடைத்தான். அதில் இருந்த மரத்தூள் கண்ணில் போய், அதற்கும் சேர்த்து அழுதான்.

பிறகு எழுந்து, சுவரோரம் சாய்த்திருந்த ஒரு பலகையைக் காட்டினான். சிடார், நல்ல சிவப்பு, ஒரு கணு இல்லை. "சந்தையில அவ மொகம் வெளுத்துப் போயிருந்ததப் பாத்துட்டு வந்த அன்னிக்கு இத ஒதுக்கி வச்சேன்," என்றான். "அவளுக்குன்னு. வாய் தெறந்து என்னன்னு ஒரு வார்த்த கேக்கல மாப்ள. பலகையத் தேடிட்டு இருந்திருக்கேன். கர்த்தர் என்ன மன்னிக்கட்டும்."

நான் புதன்கிழமை கருப்பையின் பெயரால் பீர் குடித்தவன். அவனை மன்னிக்க எனக்கு என்ன யோக்கியதை? ஏதாவது சொல்லவேண்டுமே என்று, வீணாகப் போகவேண்டாம், அந்தப் பலகையை எனக்கு வைத்துக்கொள் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். தொழில்காரன் பார்வை.

"ஒன் வயித்துக்கு இதுபோல ரெண்டு வேணும்," என்றான்.

சபையில் நாலு பேருக்குப் போன் போட்டான். நாலு பேரும் அரை மணி நேரத்தில் வந்தார்கள், தலை வாரி, சட்டை பித்தான் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு. வரும்போது பாடிக்கொண்டே வேறு வந்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். நாலில் ஒருத்தி நாற்பத்தேழு கிலோ, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொருவருக்கு வயது அறுபத்தெட்டு. பாக்கி இரண்டு பேரும் எலிசெயோவும். சரியாக மூன்று.

செனோபியா அம்மாள் எலிசெயோவை நாற்காலியில் சாய்த்து ஊசி போட்டாள். உன் இரண்டு மாத முறையும் நெருங்கிவிட்டதே, அடுத்த நாற்காலியில் நீயும் உட்கார் என்றாள். மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு கிடந்தோம். அவன் பை ஏழு நிமிடத்தில் நிறைந்தது. என்னுடையது இரண்டு தடவை ஊசிமுனையில் உறைந்து நின்றது. அந்தம்மாள் தட்டி, பெரிய ஊசி மாற்றி, பையை ஆட்டி ஆட்டி இருபது நிமிடம் போராடினாள். அவனுடையதில் சீட்டு ஒட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். என்னுடையதைச் சிவப்புப் பையில் போட்டாள். சிரிப்பை அடக்கியதில் எலிசெயோவின் மீசை ஆடியது. அவன் ரத்தம் அப்படியே ஹிலாரியாவுக்குப் போகும் என்று இல்லை, அலமாரிக்குப் போகும், அங்கிருந்து யாருக்கோ போகும் என்று அந்தம்மாள் விளக்கினாள். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று சீட்டுகளையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அறுவை நடந்தது. யார் யாருடையதோ மூன்று பை உள்ளே போயிற்று. சனிக்கிழமை காலை ஹிலாரியாவின் உதட்டில் இரண்டு வருடமாக நான் பார்க்காத நிறம் இருந்தது. பார்க்கவில்லை என்பதையே அப்போதுதான் கவனித்தேன். யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது பேரை, பீரை, நான் தெருவில் அரை மணி நேரம் நின்றதை. அவள் அண்ணன் அழுததைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். பலகையைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், வாய் நிற்கவில்லை.

"என்ன மரம்?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"சிடார். கணுவே இல்ல."

வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களா இருந்தா மலிவா தைல மரத்துலதான் முடிச்சிருப்பீங்க," என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தைல மரத்துக்குத்தான் சொல்லியிருப்பேன். அதையும் ஒரு பாட்டிலோடு போய்.