பீளை பறிக்கிற இடம்

உச்சிப்புளிப் பக்கம் சிறுபீளைக்குப் பஞ்சமே கிடையாது. மழை முடிந்து மார்கழிப் பனி இறங்கியதும் கொல்லை மணலில், ரயில் பாதை ஓரத்தில், ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால், மாவு சிந்தினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பங்கொழுந்தோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வாசலில் காப்புக் கட்ட ஒரு பிடி போதும். மற்ற நாளில் அதை யாரும் சீந்துவதில்லை.

அப்படிப்பட்ட செடியைப் பறிக்க பூமிநாதன் வருசா வருசம் பைக்கை எடுத்துக்கொண்டு நயினார்கோவில் வரைக்கும் போனால், கட்டினவளுக்கு வயிறு எரியாதா? ஈஸ்வரிக்கு எரிந்தது. அவனுடைய அத்தை மகள் மதுமதி இருப்பது அந்தப் பக்கம்தானே. அவனுக்குக் கட்டுவதாகப் பேசி, பிறகு விட்டுப்போன பெண். புருசன் சிங்கப்பூரில் இருக்கிறான். இவள் தாய்வீட்டில் ஒரு முடி நரைக்காமல் இருக்கிறாள். எப்படி நரைக்கும்? பீளை பறிக்கிற சாக்கில் ஆள் வந்து போகிறதே.

"கொல்லையிலயே மண்டிக் கெடக்கு. அங்கன உள்ளது மட்டும் மணக்குதாக்கும்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"அங்கன நல்லா வளந்திருக்கும்" என்பான். அதற்குமேல் வாய் திறக்க மாட்டான். வந்து காப்புக் கட்டும்போது தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொள்வான். அதையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். அந்தச் சிறுக்கியை நினைத்துத்தான் என்று முடிவும் கட்டியிருந்தாள்.

இந்த வருசம் விடுவதாக இல்லை. விடிந்ததும் கொல்லையில் பீளை பறித்துத் தானே காப்புக் கட்டிவிட்டாள். பூமிநாதன் அதை அண்ணாந்து பார்த்தான். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். காப்புதான் கட்டியாகிவிட்டதே, இனி எதற்குப் போகிறான்? பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அவளும் பஸ் ஏறினாள். மதுமதியைக் கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் சாணை பிடித்துக்கொண்டே போனாள்.

மதுமதி வீட்டு வாசலில் பைக் நின்றது. ஈஸ்வரி விறுவிறுவென்று அதை நோக்கி நடந்தாள். கோலப்பொடியும் கையுமாக மதுமதி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வாங்கக்கா. ஒரு தடவையாவது வருவீகன்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். மச்சான் எங்க வயக்காட்டுக்குப் போயிருக்காக. புள்ளையப் பொதைச்ச எடத்துக்கு."

"எந்தப் புள்ளைய?"

மதுமதி கோலப்பொடியைக் கீழே வைத்தாள். "ஒங்க மூத்ததத்தான். மச்சான் சொல்லலையாக்கா?"

ஈஸ்வரியின் தலைப்பிள்ளை ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் பிறந்து, ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். புதைத்த இடம் பெற்றவளுக்குத் தெரிந்தால் மனசு அங்கேயே கிடக்கும், அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் அவள் கண்ணில் படாத தூரத்தில் புதைத்துவிட்டு, பூமிநாதன் வாயையும் அடைத்துவிட்டார்கள். பயத்தில் அவளும் கேட்கவில்லை. பிறகு பிள்ளைகள் பிறந்தும் கேட்கவில்லை.

மதுமதி கைகாட்டிய வரப்பில் நடந்தாள். கடைசியில் பூமிநாதன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பீளை பூத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையில் ஒரு பிடிப் பூவோடு எழுந்தான்.

"நம்ம வீட்டுக் காப்புல அந்தப் புள்ளையும் இருக்கட்டுமேன்னுதான் ஈஸ்வரி."

மதுமதிமேல் இருந்த பொறாமை போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பொறாமை வந்து உட்கார்ந்தது. இவன் வருசந்தோறும் வந்திருக்கிறான். மதுமதி தினமும் இந்த வரப்பில் நடந்திருக்கிறாள். இங்கே ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட இடம் தெரிந்திருக்கும். பெற்றவள் மட்டும் கொல்லையில் பீளையை மிதித்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"மொகத்தப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"யாரு சாடை?"

"ஒன் சாடைதான்."

அவன் பூவை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். "இத்தனை வருசம் ஒத்தையில பாத்துட்டீகள்ல. இன்னைக்கு நான் ஒத்தையில பாத்துட்டு வாரேன்."

அவன் வரப்பைத் தாண்டிப் போகும்வரை அவள் உட்காரவில்லை.