கண்ணாடி வரை ஏறிய தார்

என் மனைவி காரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்கு நினைவு. அவளைக் கேட்டால், இல்லை, கையில் துணி இருந்தது என்பாள். இருந்திருக்கலாம். நான் பார்த்தது, அவள் பிற்பாடு துண்டு துண்டாகச் சொன்னது, அவள் சொல்லாமல் விட்டதை நானே இட்டு நிரப்பியது, எல்லாம் இத்தனை வருடத்தில் கலந்துவிட்டன. இனிப் பிரிக்க முடியாது.

அவளுடைய அம்மா உள்ளே கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். முந்தின நாள் மாலை, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குத் தன் காரிலேயே கிளம்பியிருக்கிறார். ஓட்டியது அவருடைய மருமகள். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் வேறு ஊரிலிருந்து விடியும்போது வந்து சேர்ந்தோம். மகன், அதாவது என் மைத்துனன், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவன் வந்ததும் எடுப்பதாக ஏற்பாடு.

மாமியார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருபவருக்கு ஒரு பிரேக் இருக்கும். தன் பக்கத்துப் பிரேக்கை அவர் மிதிக்கிற மிதியில், படிக்கிறவரின் நெற்றி முன்கண்ணாடிவரை போய்த் திரும்பும். பிரேக்கம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். யாராவது மறந்துபோய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால், "பரவால்ல, பிரேக்காவது ஞாபகம் இருக்கே" என்பார்.

காலையிலிருந்து அவரிடம் படித்தவர்கள் வந்தபடி இருந்தார்கள். எல்லோரும் நேரே மருமகளிடம் போனார்கள். அவளும் மாமியாரோடு சேர்ந்து கற்றுக்கொடுத்தவள்தான், அவர்களுக்குத் தெரிந்த முகம். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அவள் தோளில் அழுதார்கள். என் மனைவி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடைக்காரர் ஒருவர் வந்தார். கனத்த மனிதர். லைசென்ஸ் டெஸ்டில் போகிற போதெல்லாம் தோற்றவர் என்பதை அவரே எல்லோருக்கும் சொன்னார்.

"டீச்சர் என்னைத் திட்டாத திட்டு இல்லைங்க. 'கியர் போடற லட்சணத்தப் பாரு. மாத்திரை எடுத்துக் குடுக்கறப்பவும் இப்படித்தான் கைக்கு வந்தத எடுப்பியா?'ன்னு கேப்பாங்க."

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பிறகு கைக்குட்டையைத் தேடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம், "எத்தனை வருஷம் கூடவே இருந்தீங்க. பெத்த பொண்ணுகூட இப்படி இருக்க மாட்டா" என்றார். அதே மூச்சில் என் மனைவியின் பக்கம் திரும்பி, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

என் மனைவி எழுந்து வாசலுக்குப் போனாள்.

இதில் பழைய கதை ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்பு அவள் அம்மா அவளுக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் இவள் மிதிக்கும் முன்பே அவர் மிதித்துவிடுவார். ஒரு நாள் நடுத்தெருவில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. இவள் இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். அதோடு சரி. அம்மா மறுபடி வா என்று கூப்பிடவில்லை. இவளும் மறுபடி வருகிறேன் என்று சொல்லவில்லை. மற்றவர் முதலில் சொல்லட்டும் என்று இருவருமே காத்திருந்ததாக எனக்குத் தோன்றும்.

பிறகு, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒரு பெண் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். மாமியார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். சீக்கிரமே அவளை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். ஒரு நாள் போனில், "அவ ஓட்டினா நான் கால மடக்கி வெச்சுட்டு உக்காந்துக்குவேன்டி. பிரேக்கு பக்கமே போறதில்ல" என்று சொல்லியிருக்கிறார். அன்று எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விடிந்து வந்து சேர்ந்ததிலிருந்து என் மனைவிக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. காரில் போகும்போது அம்மா கடைசியாக என்ன சொன்னார்? தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? அதை மருமகளிடம்தான் கேட்க வேண்டும். பெற்ற தாயின் கடைசி வார்த்தையைக்கூட அவளிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதனால் கேட்காமலே இருந்தாள்.

வாசலில் மரத்தடியில் மாமியாரின் வெள்ளைப் பயிற்சிக் கார் நின்றது. உடலை ஏற்றிப்போகும் வேனுக்குப் பின்னால் டீச்சருடைய காரும் வர வேண்டும் என்று படித்தவர்கள் கேட்டிருந்தார்கள். ஆனால் கார் பார்க்கிற மாதிரி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். பக்கவாட்டில், கதவுகளில், பின்னால், எங்கு பார்த்தாலும் கறுப்புக் கறுப்பாகத் தெறித்து ஒட்டியிருந்தது. அதன் மேல் புழுதி வேறு.

"இந்தக் கோலத்துல இது அம்மா பின்னால வரக் கூடாது" என்றாள் என் மனைவி. என்னிடம் சொன்னாளா, காரிடம் சொன்னாளா தெரியவில்லை. ஒரு பழைய துண்டை எடுத்து வந்து நனைக்காமல் அப்படியே தேய்த்தாள். புள்ளிகள் கோடுகளாக நீண்டன. அதன் பிறகுதான் நகம். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் போனால் எனக்கும் அந்த நகம்தான் கிடைக்கும்.

மருமகள் வெளியே வந்தாள். இரவெல்லாம் அழுததில் முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, சுரண்டாதீங்க. கோடு விழுந்துடும்."

"விழட்டும்."

"மேல மண்ணு இருக்கு அண்ணி. அதோட தேச்சா பெயிண்ட அறுத்துடும். அத்தை மொதல்ல தண்ணி ஊத்தி..."

"எங்கம்மா என்ன செய்வாங்கன்னு நீ எனக்குச் சொல்லாத."

மருமகள் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் டிக்கியைத் திறந்து ஒரு வாளியையும், பனியன் துணிகளையும், சமையல் எண்ணெய் ஊற்றிய ஒரு பாட்டிலையும் எடுத்து வெளியே வைத்தாள். எல்லாம் மாமியாருடையவை. குழாயடியில் தண்ணீர் பிடித்து வந்து காரின் கூரையிலிருந்து கீழே வழிய விட்டாள். சோப்பு நுரையால் புழுதியை எல்லாம் இறக்கினாள். மறுபடி தண்ணீர். பிறகு துணியில் எண்ணெயை ஊற்றி, தார் இருந்த இடத்தில் வைத்து, தேய்க்காமல் சும்மா அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி வைப்பது போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்தபோது தார் இளகி அதோடு வந்துவிட்டது. துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி ஒருமுறை துடைத்தாள். அடியில் வெள்ளை அப்படியே இருந்தது.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துணியை எடுத்து எண்ணெயில் நனைத்துக்கொண்டு காரின் மறுபக்கம் போனாள்.

உள்ளே புதிதாக யாராவது வரும்போது அழுகைச் சத்தம் எழுந்து, தணிந்தது. இவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊறுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அந்த வேலையில் பாதி சும்மா நிற்பதுதான். காரின் கூரைக்கு மேலே இரண்டு முகங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன.

கடைசியில் என் மனைவிதான் கேட்டாள். குரல் ஏதோ கடை விலாசம் விசாரிப்பது போல இருந்தது.

"போறப்ப என்ன சொன்னாங்க?"

"யாரு?"

"யாரு? எங்கம்மா. கடைசியா."

மருமகள் சற்றுத் தயங்கினாள். "இண்டிகேட்டர் போடுன்னாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"கதவு சரியா சாத்தலைன்னாங்க. நான் எறங்கி வந்து சாத்தினேன்."

"என்னைப் பத்தி?"

மருமகள் யோசிப்பது தெரிந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவளை வரச் சொல்லு என்றார், என்று ஒரு வரி போதும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

"ஒண்ணும் சொல்லல அண்ணி."

என் மனைவி துணியை உதறினாள். "சொல்லியிருப்பாங்க. எங்கிட்ட குடுக்க உனக்கு மனசில்ல. எல்லாத்தையும்தான் நீயே வெச்சுக்கிட்ட, இதையும் வெச்சுக்கோ."

மருமகள் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். அது என் மனைவிக்கு இன்னும் எரிச்சலூட்டியிருக்க வேண்டும். கதவுக் கண்ணாடிக்குக் கீழே, கைப்பிடிக்கும் மேலே ஒட்டியிருந்த தார்மேல் விரலை வைத்தாள்.

"இது எப்படி இவ்வளவு மேல வந்துச்சு?"

மருமகள் குனிந்து எண்ணெய்ப் பாட்டிலை மூடினாள்.

"மெதுவா போனா சக்கரத்துக்குப் பின்னாடிதான் படும். இது கண்ணாடி வரைக்கும் ஏறியிருக்கு. எனக்கு ஓட்டத் தெரியாதுதான், ஆனா நான் யார் வயித்துல பொறந்தேன்னு உனக்குத் தெரியும்ல? நெஞ்சு வலின்னு சொன்ன மனுஷிய பக்கத்துல வெச்சுக்கிட்டு, புதுத் தார் மேல இப்படியா ஓட்டுவ?"

ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனேன் என்று மருமகள் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் இருந்திருக்காது. அவள் அதைச் சொல்லவில்லை. துணியைக் கூரைமேல் வைத்தாள்.

"பாலம் தாண்டினதுமே தலைய சாய்ச்சிட்டாங்க அண்ணி. கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அசந்துட்டாங்கன்னு நெனச்சேன். இல்ல, அப்படி நெனைக்கல. கைய நீட்டித் தொட்டுப் பாக்கப் பயமா இருந்துச்சு. அப்பத்தான் தார் போட்ட ரோடு வந்துச்சு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் ஓட்டறப்ப அவங்க பிரேக்குல கால் வெக்க மாட்டாங்க. ஆனா தார் மேல வேகமா போனா மட்டும் விட மாட்டாங்க. பெயிண்ட் பாழாப் போகுதுன்னு நச்சுனு ஒரு மிதி. அதான் வேணும்னே ஆக்ஸிலரேட்டர அமுக்கினேன். இன்னும் அமுக்கினேன். எப்படியும் மிதிச்சிடுவாங்கன்னு."

என் மனைவி தார்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

"மிதிக்கலையா?"

"மிதிக்கல."

உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மரத்திலிருந்து ஒரு இலை ஈரமான கூரைமேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"நான் ஓட்டியிருந்தா மிதிச்சிருப்பாங்க" என்றாள் என் மனைவி.

அந்த வார்த்தையில் என்ன இருந்தது என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். குற்றம் சாட்டினாளா, புகார் சொன்னாளா, பெருமை அடித்துக்கொண்டாளா? உயிர் போன பிறகுகூடத் தன் அம்மா தன்னை நம்பிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்க மாட்டார் என்பதை அவள் முதல் தடவையாகப் பெரிய சொத்து மாதிரிச் சொன்னாள்.

"ஆமா அண்ணி" என்றாள் மருமகள். "உங்களுக்குன்னா மிதிச்சிருப்பாங்க."

சொல்லிவிட்டு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். என் மனைவி துணியை நீட்டினாள். மருமகள் அதில் ஊற்றினாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த அந்தத் தாரை இருவரும் சேர்ந்து ஒரே துணியால் அழுத்திக்கொண்டு நின்றார்கள். அது ஊறுவதற்கு நிறைய நேரம் ஆனது.

மைத்துனன் வாடகைக் காரில் வந்து இறங்கினான். தன் மனைவியும் அக்காவும் முழங்கைவரை கறுப்பாகி நிற்பதைப் பார்த்து, "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றான். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினான். அவன் குரல் கேட்டது. அவர்கள் எண்ணெய்ப் பிசுக்குப் போக இன்னொரு முறை சோப்புப் போட்டுக் காரைக் கழுவி, துடைத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

அன்று கார் வேனுக்குப் பின்னால் போனது. மருமகள் ஓட்டினாள். என் மனைவி பின் இருக்கையில் இருந்தாள்.

மருமகள் கொஞ்ச காலம் பயிற்சிப் பள்ளியைத் தனியாக நடத்தினாள். பிறகு அதை மூடிவிட்டு மைத்துனனோடு வெளிநாடு போய்விட்டாள். அங்கே பஸ் ஓட்டுகிறாள். காரை வேறு ஊர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார். மருந்துக் கடைக்காரர் கடைக்கு இன்னமும் நடந்துதான் போகிறாராம். என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது என்றும் சொல்ல முடியாது; மருமகளைப் பற்றி என்னிடம் குறை சொல்வது கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றினால் அவள் கூப்பிடுவது மருமகளைத்தான். நான் அறைக்குள் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, நான் வெளியே வரும்வரை போனைக் காதில் வைத்தபடி காத்திருக்கிறாள்.