ஓசூர்ப் பக்கம் தலை திருப்பிய புழுக்கள்

காவேரிப்பட்டினத்தை அடுத்த வெங்கடப்பனின் பருத்திக் கொல்லையில் இருந்த காய்ப்புழுக்கள், ஓசூர் ஆய்வகத்தில் காலையில் முடிவானதைச் சாயங்காலத்துக்குள் தெரிந்துகொண்டன. அந்த வருடம் புரட்டாசி மழை சரியாகப் பெய்தது, தக்காளி விலை இறங்கியது, புழுக்களுக்குக் காது கேட்டது. மற்ற இரண்டையும் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள்.

அந்தப் பருத்தியின் விதைக்குள்ளேயே புழுவைக் கொல்லும் புரதம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. புழு கடித்ததும் அது குடலில் ஓரிடத்தைப் பற்றிக்கொள்ளும்; குடல் ஓட்டையாகிப் புழு சாகும். பல வருடங்கள் அப்படித்தான் செத்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த இடத்தையே மாற்றிக்கொண்டு, விஷத்தைச் சோறு போலத் தின்றது. காய்கள் வெளியே பச்சையாகவும் உள்ளே சொத்தையாகவும் தொங்கின. கடையில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் வெங்கடப்பன் இரண்டு மடங்காகக் கலந்து அடித்தார். ஒரு நாள் நடுக்கொல்லையில் கண் இருட்டி, வாயில் நுரை தள்ளி விழுந்தார். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும் மருந்து டேங்க்கை முதுகில் மாட்டப் போனார். அவர் மனைவி சென்னம்மா அதன் வார்களை அரிவாளால் அறுத்துப் போட்டாள். "நீங்க போய்ட்டா இந்தப் பருத்தியை வெச்சிக்கினு நான் என்னா பண்றது?" என்றாள்.

சுமலதா அந்த வாரம்தான் அங்கே வந்தாள். ஓசூர் சிப்காட்டில் இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு விதை ஆய்வகத்தில், பழைய புரதத்தைத் திருத்தி, மாறிப்போன குடலையும் பற்றும்படி செய்வது அவள் வேலை. வெங்கடப்பனின் கொல்லையிலிருந்து புழுக்களை டப்பாக்களில் எடுத்துப் போனாள். புரதத்தின் முன்பக்கத்தில் ஒரு துண்டை நீக்கி, தீனியில் கலந்து வைத்தாள். டப்பாவில் இருந்தவை எல்லாம் செத்தன. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது சென்னம்மாவின் போன் வந்தது.

"மேடம், இன்னிக்கு நீங்க என்னா பண்ணீங்க?"

"ஏன்மா, என்ன ஆச்சு?"

"புழுவெல்லாம் காயை விட்டு வெளிய வந்து தோலு உரிக்குது. கொல்லை முழுக்க. எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்குனு உரிக்குது மேடம். உங்க ஓசூர்ப் பக்கம்."

மறுநாள் கொண்டுவந்த புழுக்கள் புதுப் புரதத்தைத் தின்று கொழுத்தன. திருத்திய செடி ஒன்றுகூட ஆய்வகத்தை விட்டு வெளியே போயிருக்கவில்லை. இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட கமலக்கண்ணன் காற்று போகும் குழாய், சாக்கடை, கதவிடுக்கு எல்லாவற்றையும் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். சுமலதா வேறோர் இடத்தில் புரதத்தை மாற்றினாள்; அன்றைக்கும் கொல்லை முழுக்கத் தோல் உரிந்தது. பிறகு ஆய்வகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. டீ வேண்டும் என்பதையும் கையாலேயே கேட்டார்கள். புழுக்களுக்கு அது தடையாக இல்லை. காய்களின் ஓட்டைகளில் தலையை நீட்டிக்கொண்டு, வடமேற்கைப் பார்த்தபடி, அடுத்த செய்திக்குக் காத்திருந்தன. சென்னம்மா கொல்லைக்குப் போவதை நிறுத்தினாள். வெங்கடப்பன் வீட்டுக் கதவைப் பகலிலும் தாழ் போட்டுக்கொண்டார்.

ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் இருந்த சுமலதாவின் வீட்டில் மெல்லும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நெடுஞ்சாலையில் எத்தனை லாரி போனாலும் அது அடங்கவில்லை. சுவரில் தேடினாள், அலமாரியில் தேடினாள். கடைசியில் அவள் அம்மா மகளின் தலையில் காதை வைத்துக் கேட்டாள். முகம் வெளுத்தது. சமையற்கட்டுக்குப் போய், அரிந்த வெங்காயத்தையே மறுபடி அரிந்தாள். புரதத்தைப் பற்றிச் சுமலதா யோசிக்கும்போதெல்லாம் சத்தம் எழுந்தது. ஒரு நாள் அத்திப்பள்ளி பஸ்ஸில் ஏறியவளுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று தெரியவில்லை. நினைவில் அந்த இடம் ஓட்டையாக இருந்தது, ஓரம் கடிபட்ட இலை மாதிரி. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது தன் பெயரைக் கேட்டுவிடுவார்களோ என்று கடைசி நிறுத்தம் வரை பயந்துகொண்டிருந்தாள்.

பிறகு அவளுக்கு டெங்கு வந்தது. எழ முடியாமல், எதையும் யோசிக்க முடியாமல் கிடந்தாள். அந்த நாட்களில் கொல்லையில் ஒரு தோல்கூட உரியவில்லை என்று சென்னம்மா போனில் சொன்னாள். காய்ச்சல் விட்ட காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே சுமலதா அதை நினைத்துப் பார்த்தாள். புழுக்கள் கேட்டது பேச்சை அல்ல. ஒருவருக்குத் தெரிந்ததைத்தான் அவை கேட்டன. யாருக்குமே தெரியாததை அவற்றால் கேட்க முடியாது.

அதனால் இனி எதையும் தெரிந்துகொள்வதில்லை என்று முடிவு செய்தாள். புரதத்தைச் செய்வதற்கான மரபுக் குறிப்பை ஒரு வைரஸுக்குள் வைத்து, அதைப் பாக்டீரியாக்களுக்கு நடுவில் விட்டாள். வைரஸ் பெருகப் பெருகப் புரதம் தானாக மாறும், புழுவின் குடலை நன்றாகப் பற்றுகிற வடிவம் மட்டும் மேலும் பெருகும், மற்றது அழியும். எந்த வடிவம் பிழைத்தது என்று யாரும் பார்க்கக் கூடாது. "என்னன்னே தெரியாததை எப்படி மேடம் நம்பறது?" என்று கமலக்கண்ணன் கேட்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு சார். ஆனா பாக்காதீங்க" என்றாள். ஒரு வாரம் பொறுத்தவர், மறு வாரம் பொறுக்க முடியாமல் திரையைத் திறந்து பார்த்துவிட்டார். பார்த்த மாத்திரத்தில் தன் மண்டைக்குள் யாரோ மெல்வதைக் கேட்டு நாற்காலியிலிருந்து விழுந்தார். சாயங்காலம் கொல்லை தோலால் வெளுத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மறு வருடம் வலைக்கூண்டுக்குள் வளர்ந்த செடிகளைத் தின்ற புழுக்கள், எந்தப் பக்கமும் திரும்பாமல் செத்து உதிர்ந்தன. ஆனால் அனுமதி தரும் குழு, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமல் வெளியே நட விட முடியாது என்றது. அது நியாயம் என்று சுமலதாவுக்குத் தெரியும். யாராவது அந்த வடிவத்தைப் படித்தாக வேண்டும்; படித்தால் புழுக்களுக்கும் தெரிந்துவிடும்.

முதலில் அவள் வெங்கடப்பனிடம் போய், கொல்லையின் ஓரம் நெடுகப் புரதமில்லாத வெறும் பருத்தியை நடச் சொன்னாள். அதற்கு மருந்தும் அடிக்கக் கூடாது என்றாள். அந்த விதை எப்போதும் பாக்கெட்டோடு சேர்ந்தே வந்ததுதான். எல்லோரையும் போல அவரும் அதைத் தூக்கிப் போட்டுவந்தார்.

"புழுவுக்குப் போயி யாராவது இலை போடுவாங்களாம்மா?" என்றார் அவர்.

"உயிருக்குப் பயந்துதான் அதுங்க ஒட்டுக் கேக்குது, ஐயா. பயமில்லாத புழு எதுக்குக் கேக்கும்?"

சென்னம்மாதான் நட்டாள். ஓரத்தில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் நடுவில் வளர்ந்தவற்றோடு கூடின. பிறந்த புழுக்களில் பாதிக்குக் காது மந்தமாக இருந்தது. இரண்டு பருவம் கழித்து, ஒரு காலை வெயிலில், சுமலதா ஓரத்து வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். வெங்கடப்பனின் கையைச் சென்னம்மா பிடித்துக்கொண்டாள். புரதம் எங்கெங்கே மாறியிருந்தது என்பதைச் சுமலதா வரிவரியாகப் படித்தாள். பாதியில் கொல்லை முழுக்கக் காய்கள் சலசலத்தன. ஓட்டை ஓட்டையாகத் தலைகள் வெளியே வந்தன. இம்முறை ஓசூரை அல்ல, அவளைப் பார்த்தன. அவள் படிப்பதை நிறுத்தவில்லை. நடுவில் சில புழுக்கள் தோலை உரித்தன. ஓரத்தில் இருந்தவை சற்று நேரம் பார்த்துவிட்டு, தின்பதற்கு உள்ளே திரும்பின.

கேட்டும் உரிக்காத புழுக்கள் அவ்வளவு இருந்ததே போதுமானதாக இருந்தது. சுமலதா படித்ததைக் குழுவிடம் கொடுத்தாள்; அனுமதி வந்ததும் புதுப் பருத்தியை நடுவில் நட்டார்கள். உரித்தவற்றின் பிள்ளைகள் மந்தமானவற்றோடு கலந்து கலந்து குறைந்தன. சுமலதாவின் தலைக்குள் சத்தம் முழுதாக நிற்கவில்லை. சாப்பிடும்போது மட்டும் லேசாகக் கேட்கிறது, அவளும் கூடவே மென்றுகொள்கிறாள். வெங்கடப்பன் இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் ஓரம் விடுகிறார்கள். பஞ்சு எடுக்கும் நாட்களில் ஓரத்துக் காயிலிருந்து ஏதாவது ஒரு புழு தலையை நீட்டிப் பார்த்தால், "இன்னிக்கி ஒண்ணுமில்ல, உள்ள போ" என்று சொல்லிவிட்டுச் சென்னம்மா அடுத்த செடிக்கு நகர்கிறாள். அதுவும் உள்ளே போய்விடுகிறது.