தண்ணீரை இழுக்காத குப்பி

1

இந்தக் கதை ஒரு ரப்பர் மூடியிலிருந்து பிறந்தது. மலேசியத் தமிழ்க் கதையில் ரப்பர் வராவிட்டால் ஒருவரும் மதிப்பதில்லை. இதில் வந்துவிட்டது, சுண்டுவிரல் நகமளவுக்கு. தேயிலைத் தோட்டக் கதை கேட்ட பதிப்பாசிரியருக்காக இப்படித் தொடங்கினேன்:

மூடுபனி மலையைத் தழுவியபோது தவமலர்

[வேண்டாம். மூடுபனி யாரையும் தழுவாது. துணி காயாது, அவ்வளவுதான்.]

2

தவமலர் தேயிலை வெட்டும் மெஷினின் ஒரு முனையைப் பிடிப்பவள். மறுமுனையில் பாஞ்சாலை. கொஞ்ச நாளாகத் தவமலரின் வலது தோள் மேலே எழவில்லை. ஜோடியை மாற்றச் சொல்லி பாஞ்சாலை கங்காணியிடம் கேட்டாயிற்று. நாளைக் காலை தோள் எழாவிட்டால் மெஷின் வேலை கைவிட்டுப் போகும்.

கொழுந்தன் குகனேஸ்வரன் பக்கத்து ஊரான திரிங்காப்பில் லாரிக்குப் பூ ஏற்றுபவன். ஓய்வு நேரத்தில் விஞ்ஞானி. ஊசியாகப் போட்டுக்கொண்டால் தோள் வலி பறந்துவிடும் என்று சொல்லி, பெப்டைட் என்றொரு சரக்கை ஆன்லைனில் வரவழைத்து விற்கிறான். உறையவைத்து உலர்த்திய வெள்ளைப் பொடி. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ரப்பர் மூடியால் அடைத்த குப்பி. 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்கிறது லேபிள். தோட்டத்து ஆளை எதில் சேர்ப்பது என்று அதில் போடவில்லை.

3

பொடியைக் கரைக்கத் தண்ணீர் ஏற்றிய ஊசியை மூடியில் குத்தினால், உள்ளே இருக்கும் வெற்றிடம் தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்ளும். தவமலர் அவனிடம் வாங்கிப் போட்டுக்கொண்ட முதல் இரண்டு குப்பிகள் இழுத்தன. மூன்றாவது இழுக்கவில்லை. பொடியும் சுருங்கி, அடியில் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. தவமலர் குகனுக்குப் போன் போட்டாள்.

"இந்தப் போத்தல் தண்ணிய இழுக்கவே இல்ல தம்பி."

"மலை மேல காத்து கம்மி லா, அண்ணி. கம்போங் ராஜா ஊர்க் கடையில சிப்ஸ் பாக்கெட் உப்பித்தானே தொங்குது? கீழ அடைச்சதெல்லாம் மேல வந்தா அப்படித்தான். சும்மா போட்டுக்குங்க."

சிப்ஸ் பாக்கெட் உப்புவது உண்மை. இந்த மலையில் யார் சொன்னாலும் எடுபடும் விஞ்ஞானம் அது ஒன்றுதான்.*

* பாக்கெட் உப்பும். ஆனால் மலை ஏறியதால் குப்பியின் வெற்றிடம் காணாமல் போகாது. மூடி கசிந்தால் போகும், கூடவே ஈரம் உள்ளே வரும். (சில கம்பெனிகள் வெற்றிடத்துக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவதும் உண்டு. அது பொடியைப் பிசுபிசுக்க வைக்காது.) அடிக்குறிப்புகளைப் பாத்திரங்கள் படிப்பதில்லை என்பது எழுத்தாளனுக்குப் பெரிய வசதி.

4

இனி அவள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு முடிவு வேண்டுமே.

முடிவு அ: காய்ச்சல், ஆஸ்பத்திரி, கண்ணீர், எனக்கு ஒரு பரிசு.
முடிவு ஆ: தோள் குணமாகிறது, குகன் சொந்த லாரி வாங்குகி

ஆனால் அவள் கேட்கிறாள்: "போன ரெண்டும் இதே ரோட்டுலதானே மேல ஏறி வந்துச்சு?"

இந்த வரியை அடித்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அப்போதுதான் உறைத்தது: அவள் இந்த ஊசியைப் போட்டே தீர வேண்டும் என்று துடிப்பவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் குகனாவது சொந்தக்காரன். எனக்கு வெட்கமாக இருந்தது.

5

'அவள் குப்பியைக் குப்பையில் போட்டாள்' என்று எழுதிவிடலாம். எழுதிவிட்டு, நாளைக்கு மெஷினின் அந்த முனையை நானா போய்ப் பிடிப்பேன்?

விடிந்தால் பாஞ்சாலை வாசலில் வந்து கூப்பிடுவாள். குப்பி மேசையில் இருக்கிறது, ஊசி தவமலரின் கையில்.

வாசகரே, முடிவை உங்களிடம் விடுகிறேன். தாராளமாக எடுங்கள். தோள் உங்களுடையது இல்லையே.